இரண்டு பேரைக் கொடுத்து ஒருவனை எடுக்கலாமா

மகன், உனக்கு என் ஸலாம். போனில் கேட்ட கேள்விக்குக் கொப்பித் தாளில் பதில் எழுதுகிற மனிதன் குறிஞ்சாக்கேணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து, "வாப்பா, கமிட்டியில மூணு பேர் ஓம் எண்டுறாங்க, மூணு பேர் வேணாம் எண்டுறாங்க. உங்கட வோட்டுத்தான் மிச்சம்" என்று சொன்னதும், "யோசிச்சுச் சொல்றன்" என்று நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு, பதிலை வாயால் சொல்ல என்னால் ஏலாது என்று விளங்கியது. உன் உம்மா பக்கத்தில் நின்று, நான் ஒரு வசனம் சொன்னால் அவள் மூன்று வசனம் சேர்ப்பாள் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை எழுத எனக்கு இரண்டு மூன்று பக்கம் தேவைப்படும். வயசு போன கை, எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற உனக்கு உயரத்திலிருந்து கீழே இருக்கிறதைச் சரியாகப் பார்க்கத் தெரியும், என் எழுத்தையும் வாசித்துவிடுவாய்.

இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கமிட்டியில் எல்லார் முன்னாலும் நீ வாசிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், கோபிக்காதே. நம் உதைபந்தாட்டக் கழகம் மூன்று வருசமாக அரையிறுதியோடு வீட்டுக்கு வருகிறது. பின்களம் மலை மாதிரி நிற்கிறது, முன்களத்தில் ஓடுகிற கால் இருக்கிறது. நடுவில்தான் ஆள் இல்லை. பின்னாலிருந்து வருகிற பந்தை வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, ஓடுகிறவன் காலடியில் போடுவதற்கு ஒருவன் வேண்டும். கட்டைபறிச்சானில் அப்படி ஒரு பொடியன் இருக்கிறான், பெயர் கஜன், பள்ளிக்கூடம் முடித்த கையோடு நிற்கிறான். பெரியவர்களின் லீக்கில் இன்னும் ஒரு முழுச் சுற்றுப்போட்டி விளையாடவில்லை. அவனை விட அந்த ஊர்க் கழகம் சம்மதம், ஆனால் சும்மா இல்லை. நம் பின்களத்திலிருந்து இரண்டு பேரை விடுவிப்புக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்கிறார்கள். ஒருவன் சின்னவன் றிபாய். மற்றவர் நஸார், நம் அணித் தலைவர், பன்னிரண்டு வருசமாக இடது பக்கத்தில் நிற்கிறவர். இப்போது செயலாளர் நீ. கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவன் நீ.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உன் உம்மா மூன்று தரம் பார்த்துவிட்டு, "பாவம், மெலிஞ்ச புள்ள, சாப்பாடு காணாது போல" என்றாள். அவளுடைய ஆய்வு அவ்வளவுதான். நான் சொன்னேன், போனில் காட்டினால் யாரும் சூரன்தான், கோட்டை விட்டதையெல்லாம் வெட்டிவிட்டுத்தானே அனுப்புவார்கள். நாற்பது வருசம் மூதூருக்கு ஆளேற்றுகிற லோஞ்சுப் படகில் எஞ்சின் திருத்தினவன் நான். எஞ்சினைப் படத்தில் பார்த்து வாங்கினதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் செவ்வாய்க்கிழமை உனக்குச் சொல்லாமல் ஒரு ஆட்டோ பிடித்துக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். உம்மாவுக்கு மருந்து எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். மருந்தும் எடுத்தேன், பொய் இல்லை.

வயலோரத்து மைதானத்தில் பின்னேர அஸர் நேரத்து வெயிலில் அவர்கள் இரண்டாகப் பிரிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வரம்பில் ஒரு துவாயைப் போட்டு உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன். மகன், பொடியன் மெய்யாகவே விசயம் உள்ளவன். பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிடுகிறான். பந்தை ஆள் நிற்கிற இடத்துக்குப் போடுவதில்லை, ஆள் போய்ச் சேரப்போகிற இடத்துக்குப் போடுகிறான். அதைச் சொல்லிக் கொடுக்க ஏலாது, அது அவனோடு கூடப் பிறந்தது. இடது கால் பலவீனம். மாடு மாதிரி ஒருவன் தோளால் இடித்தபோது மூன்று அடி தள்ளிப் போய் விழுந்தான். விழுந்தவன் மத்தியஸ்தரைப் பார்க்கவில்லை, இடித்தவனையும் பார்க்கவில்லை, எழும்பிப் பந்து எங்கே என்று பார்த்தான். மாஷா அல்லாஹ், அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயசு போனால் இப்படித்தான், சும்மா சும்மா கலங்கும்.

விளையாட்டு முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவனைக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். "தம்பி, எங்கட கிளப்புக்கு வருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா, விருப்பம்தான்" என்றான். போத்தல் மூடியைத் திருகி மூடினான். பிறகு, "ஆனா எனக்குப் பின்னால ஆரு நிப்பாங்க ஐயா? நான் முன்னுக்குப் பந்தக் குடுத்திட்டு நிக்கக்குள்ள, பின்னால பந்து போனா ஆரு பாப்பாங்க?" என்றான்.

பழக்க தோசத்தில் என் வாய் சொல்லிவிட்டது: "நஸார் நிக்கிறாரே."

அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நஸார் அண்ணனா? அவர் நிண்டா எனக்குப் பயமே இல்ல ஐயா. போன வருசம் அவர்ட விளையாட்டப் பாக்கவே திருகோணமலைக்கு வந்தனான்" என்றான். தன்னை எடுப்பதற்குக் கொடுக்கப்போகிற ஆளே நஸார்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் தலையில் கை வைத்து துஆ செய்வது போல என்னவோ முணுமுணுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலையில் மீன் வாங்கப் போன இடத்தில் நஸார் நிற்கிறார். தூரத்திலேயே கையைத் தூக்கி, "மாமா! இந்த வருசம் கப் நமக்குத்தான், மனசுல நிய்யத் வெச்சிட்டன்" என்று கத்தினார். பக்கத்தில் வந்து குரலைத் தணித்து, "கட்டைபறிச்சான் பொடியன எடுக்கப் போறாங்களாமே? எடுங்க மாமா, எடுங்க. அவன் நடுவுல நிண்டா என்ட வேல பாதியாக் குறையும். முழங்காலும் முந்தி மாதிரி இல்ல" என்றார். எனக்குப் பாரையைப் பார்ப்பதா, அவர் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. பாரையைப் பார்த்தேன். செத்த மீனின் கண்ணைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்ததற்கு உன் உம்மாவிடம் ஏச்சு வாங்கியது தனிக் கதை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நஸாருக்குச் சொன்னதா?" என்று கேட்டேன். நீ சொன்னாய், "முடிஞ்ச பிறகு சொல்லுவம் வாப்பா. இப்ப சொன்னா மனம் உடைஞ்சிரும்." அந்த வசனம்தான் என்னைப் பேனை எடுக்க வைத்தது. ஏனென்றால் அது உன்னுடைய வசனம் இல்லை, மகன். அது என்னுடையது. பதினைந்து வருசத்துக்கு முன் அதே வசனத்தை, அதே மாதிரி, நல்ல மனசோடு சொல்வது போல நான் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன்.

அப்போது செயலாளர் நான். உனக்கு வயது பத்தொன்பது. பின்களத்தில் நடுவில் நின்றாய், கட்டையாக, பிடிவாதமாக, என்னைப் போலவே. டவுனில் தொழில் படித்துக்கொண்டிருந்தாய், வியாழன் பின்னேரம்தான் ஊருக்கு வருவாய். தோப்பூர்ப் பக்கத்துக் கழகம் ஒன்றில் அஸ்மி என்று ஒரு பொடியன் இருந்தான். முன்களத்தில் மின்னல் மாதிரி ஓடுவான். ஊரே அவனை எடு, எடு என்று நின்றது. அவர்களும் இன்றைக்குக் கேட்கிற மாதிரியே பின்களத்திலிருந்து இரண்டு பேரைக் கேட்டார்கள். ஒருவர் எப்படியும் விளையாட்டை விடப்போகிறவர், அவருக்குக் கவலையில்லை. இரண்டாவது ஆளாக நாலைந்து பெயர் அடிபட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாமா, ஒரு மச்சான் எழும்பி நின்று ஏலாது என்றார்கள். கடைசியில் ஒருவர், அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், பெயர் வேண்டாம், பின் வரிசை வாங்கிலிருந்து சொன்னார்: "செயலாளர்ட மகன்ட பேரு மட்டும் ஏன் வரல்ல? அது என்ன, கல்லுல எழுதின பேரா?"

எனக்குக் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், உன் உம்மாவுக்குத் தெரியும், மூதூர் லோஞ்சில் வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரியும். மேசையில் அடித்து, "எழுதுங்க என்ட மகன்ட பேர!" என்றேன். எல்லாரும் என்னைப் பெரிய மனிதனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, மகன். மறைத்து என்ன பயன்? நேர்மையானவன், சொந்தம் பாராதவன் என்று ஊர் சொல்லப்போகிறது என்று நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். உன் உம்மா கேட்டாள், "புள்ளக்கிட்டக் கேட்டீங்களா?" நான் சொன்னேன், "முடிஞ்ச பிறகு சொல்லுவம். இப்ப சொன்னா மனம் உடைஞ்சிரும்."

விடுவிப்புக் கடிதத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று செயலாளருடையது, மற்றது விளையாட்டுக்காரனுடையது, தன் விருப்பத்தோடு விலகுகிறேன் என்று. வியாழன் மத்தியானத்துக்கு முன் லீக்கில் கொடுக்க வேண்டும், நீயோ பின்னேரம்தான் வருவாய். போன் இருந்தது. டவுனுக்கு பஸ்ஸும் இருந்தது. நான் போனும் எடுக்கவில்லை, பஸ்ஸும் ஏறவில்லை. அலுமாரியிலிருந்து உன் பரீட்சை அனுமதி அட்டையை எடுத்தேன். அதில் நீ போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தரம் கடிதத்தில் போட்டேன். உன் கையெழுத்தை நான்தான் போட்டேன். பதினைந்து வருசமாக என் நெஞ்சுக்குள் கிடந்தது இதுதான். கேட்டால் நீ மாட்டேன் என்று சொல்வாய் என்று பயந்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மை இல்லை. கேட்டால் நீ எனக்காகச் சரி என்று சொல்லிவிடுவாய், அப்போது உன் முகத்தை நான் பார்க்க வேண்டி வரும். அதற்குத்தான் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் சொன்னேன், "கமிட்டி முடிவு மகன்." நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாய். "நான் சைன் வெக்கோணுமே வாப்பா?" என்றாய். "அது முடிஞ்சுது" என்றேன். நீ என்னை ஒருதரம் பார்த்தாய். பிறகு, "சரி வாப்பா" என்றாய். அவ்வளவுதான். நீ கத்தியிருக்கலாம், மண்ணை அள்ளி வீசியிருக்கலாம். அந்த வயசில் நானாக இருந்தால் வீட்டைவிட்டே போயிருப்பேன். நீ சரி வாப்பா என்று சொல்லிவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்ய எனக்கு முன்னால் போய்விட்டாய்.

பிறகு நடந்ததில் உனக்குத் தெரியாத பாதியும் இருக்கிறது. கடிதத்தில் உன் கையெழுத்து இருந்ததை லீக்கில் யாரோ பார்த்து ஊரில் சொல்லிவிட்டார்கள். "செயலாளர் மறிச்சும் மகன் நிக்கல்ல, அங்க என்னமோ குடுக்கிறாங்களாம்" என்று கதை பரவியது. அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்களும் அதைத் திருத்தவில்லை. என் காதுக்கு வந்தது. தேத்தண்ணிக் கடையில் எனக்கு நேரே சொன்னார்கள், எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் ஒரு வசனம் சொன்னால் போதும்: அவன் சைன் வைக்கவில்லை, நான் வைத்தேன். சொன்னால் கழகத்தை லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் கண்டுபிடித்தேன். உள்ளுக்குள் என்ன என்றால், செயலாளர் கதிரை போய்விடும். பரிதாபத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

அந்த வருசம் அரையிறுதியில் நீ எங்களுக்கு எதிராக நின்றாய். நீ பந்தைத் தொடுகிற ஒவ்வொரு தரமும் உன் சொந்த ஊர்ப் பொடியன்கள், உன்னோடு குர்ஆன் ஓதப் போனவன்கள், "விலபோனவன்! விலபோனவன்!" என்று கத்தினார்கள். நான் முன்வரிசையில் கதிரையில் இருந்தேன். நீ ஒருதரம்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அஸ்மியை நீதான் மறித்தாய். அவனுக்குப் பந்தே வரவில்லை, மகன். எங்கிருந்து வரும்? பந்தைப் பறித்து முன்னுக்கு அனுப்புகிற இரண்டு பேரைத்தானே கொடுத்து அவனை எடுத்திருந்தோம். எஞ்சினை விற்ற காசில் லோஞ்சுக்குப் பெயின்ட் அடித்த கதை அது. ஓடி ஓடிக் களைத்து, கடைசிப் பத்து நிமிசத்தில் அவன் விழுந்து கிடந்தபோது எங்கள் ஊர்க் கூட்டம் அவனுக்கும் ஹூ அடித்தது. அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் நீ. தோளில் தட்டி என்னவோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு இல்லை என்று தோற்றோம். சுற்றுப்போட்டி முடிந்ததும் அந்தப் பிள்ளை பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். பிறகு விளையாடவே இல்லையாம்.

தோற்றாலும் வென்றாலும் மெச் முடிந்ததும் சஹன் சாப்பாடு என்பது நம் கழகத்து வழக்கம். ஆறு பேருக்கு ஒரு தட்டு, ஒரே தட்டிலிருந்து எல்லாரும் அள்ளிச் சாப்பிடுவது. பாய் விரித்து, செயலாளர் என்று என்னை விளையாடினவர்களோடு இருத்தினார்கள். எங்கள் தட்டில் ஐந்து பேர்தான் இருந்தோம், ஒரு ஆள் குறைந்தது. மைதானத்துக்கு மறுபக்கம் நீ பஸ்ஸின் படியில் உட்கார்ந்து சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். வென்ற அணியில் இருந்தாய், உன்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. நூறு அடி தூரம் இருக்குமா? எழும்பி வந்து உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தியிருந்தால் யார் என்னைத் தடுத்திருப்பார்கள்? இறைச்சிக் கறி நல்லாயிருந்தது. நான் சாப்பிட்டேன், மகன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். எத்தனையோ பாவம் செய்திருக்கிறேன், அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்புகிறேன். அந்தச் சோற்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ இரண்டு வருசம் அங்கே விளையாடிவிட்டு நீயாகவே திரும்பி வந்தாய். விலைபோனவன் என்று கத்தினவன்களோடேயே நின்று விளையாடினாய். அவர்களுக்கே தலைவனானாய், இப்போது செயலாளர் ஆகியிருக்கிறாய். ஒருதரம்கூட என்னிடம் கேட்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று கொஞ்ச காலம் நினைத்தேன். மறக்கிற ஆளா நீ? ஏழு வயசில் உனக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கித் தராத சைக்கிளின் நிறத்தை உன் நிக்காஹ் வீட்டில் வைத்துச் சொன்னவன் நீ. உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு, என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருப்பாய். அதை நினைக்கிறபோது உன்னைப் பெறுவதற்கு நான் என்ன நல்லது செய்துவிட்டேன் என்று தோன்றும். உன்னில் எனக்கு இருக்கிற பாசத்தை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்: என் உயிர் நீ.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கஜனை எடுக்கலாமா? எடுக்கலாம். எடுக்கத்தான் வேண்டும், அவன் மாதிரி ஒருவன் பத்து வருசத்துக்கு ஒருதரம்தான் வருவான். ஆனால் இரண்டு பேரைக் கொடுத்து எடுத்தால் நீ எடுப்பது கஜனை இல்லை, இன்னொரு அஸ்மியை. புதுப் பொடியன் முதல் வருசம் பிழை விடுவான். பந்தைப் பறிகொடுப்பான், இடி வாங்குவான், விழுவான். அப்போது அவனுக்குப் பின்னால் நின்று, "பரவால்ல தம்பி, நான் பாக்கிறன், நீங்க போங்க" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளையே கொடுத்துவிட்டு அவனைக் கொண்டுவந்தால், மூன்றாவது மெச்சில் நம் ஊர் அவனுக்கு ஹூ அடிக்கும். நம் ஊரை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். மெலிந்த பிள்ளை, தாங்கமாட்டான். றிபாயை மட்டும் கேட்டுப் பாருங்கள், அவனும் சம்மதித்தால். அவர்கள் ஒருவனுக்கு ஒருவன் என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். நாலாவது தரமும் அரையிறுதியோடு வீட்டுக்கு வருவோம், உலகம் அழிந்துவிடாது.

நஸார் விசயம் வேறு. அது வோட்டுப் போட்டு முடிக்கிற விசயமே இல்லை. யாரும் போடுவதற்கு முன் நீ அவர் வீட்டுக்குப் போ. போனில் சொல்லாதே, தனியாகப் போ, அவர் மனைவி தருகிற தேத்தண்ணியைக் குடி. "மச்சான், இப்பிடிக் கேக்கிறாங்க, உங்களுக்கு விருப்பமா?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேள். மனம் உடைந்தால் உன் கண் முன்னால் உடையட்டும், பக்கத்தில் நீயாவது இருப்பாய். அவர் போகிறேன் என்று சொன்னால் அது அவருடைய சொல், அவருடைய கையெழுத்து, நான் எழும்பி நின்று கை தட்டி அனுப்புவேன். இல்லை என்றால் அந்தக் கடிதத்தில் உன் பேனை படக்கூடாது. என் வோட்டு அதுதான். இதைக் கமிட்டியில் வாசித்த பிறகு என்னை நீக்குவதென்றால் நீக்கட்டும். ஊருக்குச் சொல்வதென்றால் சொல்லட்டும், எனக்கு முன்னால் நீயே சொல்லு: என் மகன் விலைபோனவன் இல்லை, அவனுடைய வாப்பா கள்ளக் கையெழுத்துப் போட்டவர் என்று.

இதையெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன தகுதி என்று எனக்கே தெரியவில்லை. முதலில் நான் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை. அதனால் அந்த வியாழக்கிழமை பஸ் ஏறி டவுனுக்கு வந்து, உன் அறைக் கதவைத் தட்டி, உன் முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். பதில் எதுவானாலும் சரி, அவசரமில்லை, நான் காத்திருப்பேன்.

மகன், தோப்பூர்ப் பக்கத்துக் கழகம் உன்னைக் கேட்கிறது. உனக்குப் போக விருப்பமா?